ஒரு ராத்திரிதானே, டாக்டர்?

தாம்பரத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விவரங்களைச் சற்று மாற்றி, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அப்பாவுக்கு வயது 71. பதினெட்டு வருடமாகச் சர்க்கரை நோய். காலையும் இரவும் 30/70 கலவை இன்சுலின் போடுகிறார். இரண்டு வருடத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். ஆஸ்பிரின், இதயத் துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் தொடர்கின்றன. பாதங்கள் மரத்துப்போன மாதிரி இருப்பதாகச் சொல்கிறார். அம்மாவுக்கு 66; முட்டி வலி, பிரஷருக்கு நீர் மாத்திரை. மகனுக்கு ஏழு வயது. வெள்ளிக்கிழமை கணவர் வேலை முடித்து வந்ததும் இரவு பத்து மணிக்குக் காரை எடுத்தால் சனிக்கிழமை காலை ராமேஸ்வரம். போனதும் வெறும் வயிற்றில் 22 தீர்த்தம், தரிசனம், தனுஷ்கோடி. அன்றிரவு விடுதி. ஞாயிறு தேவிபட்டினம் நவபாஷாணம், உத்தரகோசமங்கை, திருப்புல்லாணி, ஏர்வாடி தர்கா. இரவோடு இரவாகச் சென்னை. "ஒரு ராத்திரிதான் தங்கப்போகிறோம், டாக்டர். காரா, ரயிலா? தீர்த்தம் ஆடும் நாளில் அப்பா ஊசியை விட்டுவிடலாமா? அம்மா மூன்று நாளும் நீர் மாத்திரையை நிறுத்திவிடுகிறேன் என்கிறார், சரியா? தனுஷ்கோடியில் பையனைக் குளிக்க விடலாமா?"

அன்புச் சகோதரிக்கு,

அப்பாவை ராமேஸ்வரம் அழைத்துப் போக வேண்டும் என்ற உங்கள் ஆசைக்கு நான் தடை சொல்லப் போவதில்லை. ஸ்டென்ட் வைத்தவர், இன்சுலின் போடுபவர் எல்லோரும் வீட்டிலேயே உட்கார வேண்டியதில்லை. வீட்டில் அரை மணி நேரம் நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ இல்லாமல் நடக்கிறார் என்றால், அவருடைய இதய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தாராளமாகக் கிளம்பலாம்.

ஆனால் உங்கள் திட்டத்தில் இருப்பது ஒரு ராத்திரி அல்ல, மூன்று. வெள்ளி, சனி, ஞாயிறு. அதில் இரண்டைக் காரில் கழிக்கிறீர்கள். நான் ராமநாதபுரத்தில் பொது மருத்துவம் பார்ப்பவன். விடுமுறை நாட்களில் எங்களிடம் வரும் வெளியூர்க்காரர்களுக்குப் புதிதாக ஒரு நோய் வந்திருப்பது அபூர்வம். ஊரில் கட்டுக்குள் இருந்த அதே சர்க்கரை, அதே பிரஷர். தூக்கம், சாப்பாடு, மருந்து மூன்றும் ஒரே நாளில் நேரம் தவறியிருக்கும், அவ்வளவுதான். உங்கள் திட்டத்தில் இந்த மூன்றும் சனிக்கிழமை விடியற்காலையில் ஒன்றாகத் தவறுகின்றன.

காரைப் பற்றி

கார் என்றால் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம், ஏதாவது என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். பகலில் அது உண்மை. அதிகாலை மூன்று மணிக்கு நெடுஞ்சாலையில், பக்கத்தில் எந்த ஊர், அங்கே எந்த ஆஸ்பத்திரி திறந்திருக்கும் என்று தூக்கக் கலக்கத்தில் தேடுவது வேறு கதை. அதைவிட எனக்குப் பெரிய கவலை, ஸ்டியரிங் பிடிக்கிற உங்கள் கணவர்.

அவர் வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு எழுந்தால் இரவு பதினொரு மணிக்கு 17 மணி நேரம் விழித்திருக்கிறார். அத்தனை நேரம் விழித்தவரின் கவனமும் கை வேகமும், 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் மோட்டார் வாகனச் சட்டம் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே குடித்து ஓட்டிய குற்றம் என்கிறது. ஒரு சொட்டு குடிக்காத மனிதர் செங்கல்பட்டைத் தாண்டும்போதே அந்த நிலையில் இருப்பார். மீதி 500 கிலோமீட்டர் அதற்குப் பிறகுதான். அதிகாலை இரண்டு முதல் ஆறு வரை உடம்பின் கடிகாரமே "தூங்கு" என்று இழுக்கும் நேரம். 80 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு நொடி கண் அயர்ந்தால் வண்டி கிட்டத்தட்ட 90 மீட்டர் தானாகப் போயிருக்கும்.

"வழியில் இரண்டு காபி குடித்துக்கொள்வார், ஜன்னலைத் திறந்து வைப்பார்" என்கிறீர்கள். ஜன்னல் காற்றும் பாட்டும் தூக்கத்தை விரட்டுவதில்லை. ஓட்டுபவருக்குத் தைரியத்தை மட்டும் தரும். காபி வேலை செய்ய அரை மணி நேரம் ஆகும். காபியைக் குடித்துவிட்டு, வண்டியை ஓரங்கட்டி, இருபது நிமிடம் தூங்கி எழுந்து ஓட்டினால் கொஞ்சம் பலன் உண்டு. அதுகூட சிறிது நேரத்துக்குத்தான். ஆக்டிங் டிரைவர் போட்டாலும் கேள்வி அதேதான். அவர் பகல் முழுக்க வேறு வண்டி ஓட்டிவிட்டு உங்கள் வீட்டுக்கு வந்தவரா? சனிக்கிழமை ராத்திரி காருக்குள்ளேயே சுருண்டு படுத்தால், ஞாயிறு இரவு உங்களைத் திரும்பக் கொண்டுவருபவரும் தூங்காதவர்தான்.

காருக்கென்று நல்ல பக்கம் இல்லாமல் இல்லை. அம்மாவின் முட்டிக்கு நினைத்த இடத்தில் இறங்கிக் காலை நீட்டலாம், நீர் மாத்திரைக்காரருக்குக் கழிப்பறை தேடலாம். கார்தான் என்று முடிவானால் சனிக்கிழமை காலை ஐந்து மணிக்குக் கிளம்புங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லோரும் இறங்கிப் பத்து நிமிடம் நடங்கள், திங்கட்கிழமையும் விடுப்பு எடுங்கள். அது இல்லாமல் ஒரே இரவு தங்கிவிட்டு வர வேண்டுமானால், என் கணக்கில் கார் பயணம் ஒரு பக்கம் நாலு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. மாமல்லபுரம், புதுச்சேரி, சிதம்பரம் எல்லாம் அதற்குள் வரும். ராமேஸ்வரம் வராது.

ரயில் என்றால்

என் ஓட்டு ரயிலுக்கு. பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நின்ற பிறகு, ராமேஸ்வரம் போகிறவர்கள் மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ இறங்கிப் பஸ் பிடித்தார்கள். அந்த நினைவில்தான் "ரயிலில் போனால் மாறி மாறிப் போக வேண்டுமே" என்று கேட்டிருக்கிறீர்கள் போலிருக்கிறது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறந்தாயிற்று. இரவு ரயில்கள் ராமேஸ்வரம் வரை போகின்றன. சேது எக்ஸ்பிரஸ், போட் மெயில், புதுப் பாலத்தோடு சேர்த்துத் தொடங்கிய தாம்பரம் வண்டி என்று மூன்று உண்டு. தாம்பரம் வண்டி மயிலாடுதுறை, திருவாரூர், பட்டுக்கோட்டை, காரைக்குடி வழியாக வரும். எல்லாமே மாலை வாக்கில் கிளம்புபவை என்பதால் உங்கள் கணவர் வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்பு போட்டாக வேண்டும். இந்தப் பயணத்துக்கு நான் கேட்கும் பெரிய விலை அது ஒன்றுதான். எழும்பூர் நிலைய வேலைகளால் வண்டிகள் புறப்படும் இடம் மாறியதுண்டு. டிக்கெட்டில் எந்த நிலையம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்குக் கட்டணச் சலுகை கிடைக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். மூத்த குடிமக்களுக்கான சலுகையை ரயில்வே 2020 மார்ச்சில் நிறுத்தியது. கீழ்ப் படுக்கைக்கான ஒதுக்கீடு மட்டும் இருக்கிறது, அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஐந்து பேரையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் அந்த ஒதுக்கீடு கிடைக்காது. அப்பா அம்மா இருவருக்கு மட்டும் தனி டிக்கெட் எடுத்தால் கிடைக்க வாய்ப்பு உண்டு. முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். இரண்டு டிக்கெட்டையும் அன்றே எடுத்தால் ஒரே பெட்டியில் அமைய வழி இருக்கிறது. அமையாவிட்டால் யாரிடமாவது கேட்டு இடம் மாற்றிக்கொண்டு, உங்களில் ஒருவர் அப்பாவுக்கு எதிரிலோ மேலேயோ படுங்கள். இன்சுலின் போடுபவர் தனியாகத் தூங்கக் கூடாது. மேல் படுக்கைக்கு அவர் ஏறவே கூடாது. ராத்திரி சிறுநீருக்காக எழுந்து இருட்டில் இறங்கும்போதுதான் இடுப்பு எலும்பு உடைகிறது.

ரயிலிலும் கூடவே டாக்டர் வரமாட்டார். 139-க்கு அழைத்தால் அடுத்து வரும் நிலையத்தில் உதவிக்கு ஏற்பாடு செய்வார்கள். ராமேஸ்வரத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது. சுமார் 55 கிலோமீட்டரில் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அதற்கும் மேல் என்றால் மதுரை, அது 170 கிலோமீட்டர். அதனால் நெஞ்சில் பாரமோ, காரணமில்லாத வியர்வையோ வந்தால் "கேஸாக இருக்கும், சோடா குடித்துப் பார்க்கலாம்" என்று அரை மணி நேரத்தை வீணாக்காதீர்கள். உடனே 108.

பாம்பனில் காற்று பலமாக அடித்தால் ரயிலை நிறுத்தி வைப்பார்கள். மழைக்காலத்தில் இது நடக்கக்கூடியது. ஆகவே எல்லா மருந்தையும் இரண்டு நாளுக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். பாலத்தைப் பார்க்க எல்லோரும் எழுந்து வாசலுக்கு ஓடுவார்கள். பையனுக்கு ஜன்னல் போதும்.

ஊசியும் 22 தீர்த்தமும்

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திப் படிக்க வைத்தது இந்த இடம். "சாப்பிடாத நாளில் ஊசி வேண்டாம்" என்று அப்பா சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. 30/70 ஊசியைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருப்பது நிச்சயம் ஆபத்து. அதற்காக ஊசியையே விட்டுவிட்டுப் பொங்கலும் பஞ்சாமிர்தமும் சாப்பிட்டால் மத்தியானம் சர்க்கரை முந்நூறு, நானூறு என்று ஏறி நிற்கும்.

ஆனால் விடியற்காலை ஆபத்து காலை ஊசியில் இல்லை. முந்தைய இரவு போட்ட ஊசியில் இருக்கிறது. அந்தக் கலங்கல் மருந்தில் 70 பங்கு மெதுவாக வேலை செய்யும் வகை. போட்ட நாலு மணி நேரத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வரை அதன் பிடி இருக்கும். இரவு எட்டு மணிக்கு ஊசி போட்டு, பயணத்தில் பாதி இட்லியோடு எழுந்துவிட்டவருக்கு அதிகாலையில் சர்க்கரை இறங்கியே இருக்கும். அந்த நேரத்தில் அக்னி தீர்த்தத்தில் முழுகி, மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கிக் கோடி தீர்த்தம் வரை வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொண்டு நடக்கப்போகிறார்.

சர்க்கரை தாழ்ந்தால் உடம்பு மூன்று வழியில் எச்சரிக்கும்: படபடப்பு, கை நடுக்கம், வியர்வை. மெட்டோப்ரோலால் சாப்பிடுபவருக்குப் படபடப்பும் நடுக்கமும் மங்கிவிடும். வியர்வை மட்டுமே மிச்சம். தலையிலிருந்து கால் வரை நனைந்து நிற்பவரின் வியர்வையை யார் பார்ப்பது? கொஞ்சம் நடுங்கினாலும் குளிர் என்று நினைப்பீர்கள். பேச்சு குழறினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ, காரணமில்லாமல் எரிந்து விழுந்தாலோ சர்க்கரைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோயிலுக்குள் செல்போன் அனுமதி கிடையாது, ஆகவே நீங்கள் அவரை விட்டு நகரவே கூடாது.

நான் சொல்லும் மாற்று இது. தீர்த்தத்தை இறங்கிய அன்றே வைக்காதீர்கள். சனிக்கிழமை காலை விடுதிக்குப் போய், சாப்பாட்டையும் ஊசியையும் வழக்கமான நேரத்தில் முடித்துத் தூங்குங்கள். ஓர் இரவு நன்றாகத் தூங்கி எழுந்து, ஞாயிறு விடியலில் தீர்த்தத்துக்குப் போங்கள். அறையை விட்டுக் கிளம்பும் முன் விரலைக் கழுவித் துடைத்துவிட்டுச் சர்க்கரை பாருங்கள். நூறுக்குக் கீழே இருந்தால் இரண்டு பிஸ்கட்டும் ஒரு டம்ளர் பாலும் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். வயிறு காலியாக இருக்க வேண்டும் என்பது மருத்துவமும் கேட்கவில்லை, ராமநாதசுவாமியும் ஒரு நோயாளியிடம் கேட்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. காலை ஊசியை எடுத்து வைத்துவிட்டு, குளித்துத் தரிசனம் முடித்து, எட்டரை மணிவாக்கில் இலை முன்னால் உட்காரப் போகும்போது போடலாம். ஒரு மணி நேரம் தள்ளிப்போவது பெரும்பாலானவர்களுக்குப் பிரச்சினை இல்லை. அளவைக் குறைக்க வேண்டுமா என்பதை மட்டும் அவருடைய மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்குங்கள். நீங்களாகக் குறைக்க வேண்டாம்.

குளுக்கோஸ் பொடியைத் தண்ணீர் புகாத கவரில் கட்டி உங்கள் இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் மூன்று டீஸ்பூன் கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் மறுபடி சர்க்கரை பாருங்கள். இன்னும் 70-க்குக் கீழே என்றால் திரும்ப மூன்று டீஸ்பூன். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரை ஏறிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து உதவிக்குக் குரல் கொடுங்கள்.

வழுக்கும் கல் தரை இன்னொரு விஷயம். அத்தனை பேர் மேலும் ஊற்றும் தண்ணீர் அதில்தான் ஓடுகிறது. அம்மாவின் முட்டிக்கு 22-ம் வேண்டாம். அவர் ஓரமாக உட்கார்ந்து தலையில் தெளித்துக்கொள்ளட்டும். தீர்த்தத்தை யாரும் விழுங்க வேண்டாம். சன்னதிக்கு ஈர உடையோடு விடமாட்டார்கள், எனவே மாற்றுத் துணியும் நல்ல துண்டும் அவசியம். அப்பாவின் கால் விரல் இடுக்குகளை நீங்களே துடைத்துவிடுங்கள். அந்த ஈரத்தில்தான் புண் தொடங்கும்.

இன்சுலினைக் கைப்பையில், குளிர்ச்சி தாங்கும் பையில் வையுங்கள். பனிக்கட்டியை நேரடியாக ஒட்டக் கூடாது, உறைந்த மருந்து குப்பைக்குத்தான். நிறுத்திய காரிலும் விட்டுப்போகக் கூடாது.

அம்மாவின் மாத்திரை

மூன்று நாள் நிறுத்துவது தவறு. வழியில் கழிப்பறைக்கு அலைய வேண்டுமே என்ற அவருடைய சங்கடம் எனக்குப் புரிகிறது. மாத்திரையை நிறுத்தாமல் நேரத்தை மாற்றலாம். ரயில் ஏறும் மாலையில் எடுப்பதை, போய்ச் சேர்ந்து அறைக்குள் நுழைந்த பிறகு எடுப்பது போல. அவருடைய மருத்துவர் இதற்குச் சம்மதிப்பார். அதே சங்கடத்தால் தண்ணீரும் குடிக்காமல் இருப்பார், அதைக் கண்காணியுங்கள். கடல் காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுவதால் நீர் இழப்பது தெரியாது. கருவாட்டுக் குழம்பு ஆசையை ஒரு வேளையோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். பிரஷருக்கு உப்பு ஆகாது. (கீழக்கரை தொதல் என்ற இனிப்பை வாங்காமல் யாரும் இந்தப் பக்கம் வந்துபோவதில்லை. பையன் சாப்பிடட்டும். அப்பாவுக்குப் பதநீரும் சர்க்கரைத் தண்ணீர்தான், நுங்கு இரண்டு பரவாயில்லை.)

கடலும் பையனும்

தனுஷ்கோடியில் "தண்ணீர் ஆழமே இல்லை" என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஆழம் பிரச்சினையில்லை, இழுப்புதான். தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையில் இரண்டு பக்கக் கடலும் சேர்கின்றன, மணல் காலடியிலேயே கரைந்து போகும். கணுக்கால் நனைத்தால் போதும், அதுவும் நீங்கள் கையைப் பிடித்திருக்க வேண்டும். மன்னார் வளைகுடாப் பக்கத்தை எங்கள் மீனவர்கள் ஆண் கடல் என்பார்கள், பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்பார்கள். ஆடிக் காற்றில் முன்னது சீறும்; வாடை வீசத் தொடங்கினால் பின்னதும் சும்மா இருக்காது. பையன் தண்ணீரில் விளையாடியே ஆக வேண்டும் என்றால், காற்று அடங்கிய நாளில் உச்சிப்புளிக்குப் பக்கத்தில் அரியமான் கடற்கரை. அங்கும் நீங்கள் இடுப்பளவு தண்ணீரில் அவனுக்குக் கடல் பக்கமாக நில்லுங்கள்.

தனுஷ்கோடிக்குச் சனிக்கிழமை மூன்றரை மணிக்கு மேல் உள்ளூர் வண்டி பேசிப் போங்கள். ராமேஸ்வரத்திலிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல், நிழல் கிடையாது. இருட்டினால் சோதனைச் சாவடியில் விடமாட்டார்கள். அப்பா செருப்பைக் கழற்றவே கூடாது. மணல் சுட்டாலும் சிப்பி கிழித்தாலும் மரத்த பாதத்துக்குத் தெரியாது. கோயிலில் வேறு வழியில்லை, அதனால்தான் தரை சூடேறுவதற்கு முன் விடியலில் முடிக்கச் சொல்கிறேன்.

தேவிபட்டினம், உத்தரகோசமங்கை, திருப்புல்லாணி, ஏர்வாடி நான்கையும் இந்த முறை விட்டுவிடுங்கள். அவை ராமநாதபுரத்தைச் சுற்றி இருப்பவை. அங்கே இறங்கித் தங்கி, இன்னொரு வார இறுதியில் நிதானமாகப் பார்க்கலாம். ஞாயிறு தீர்த்தம் முடிந்ததும் சாப்பிட்டு, படுத்து எழுந்து, தெம்பிருந்தால் பேய்க்கரும்பில் கலாம் நினைவிடம் பார்த்துவிட்டு மாலை ரயிலேறுங்கள். விடியலில் வந்து இறங்குபவர்களுக்கு அறை நேரக் கணக்கு முக்கியம். 24 மணி நேரக் கணக்கில் தரும் விடுதியாகக் கேட்டு, ஞாயிறு மாலை வரைக்கும் பேசிக்கொள்ளுங்கள். நண்பகல் கணக்கு என்றால் அப்பா பாதி நாளை வரவேற்பறை நாற்காலியில் கழிக்க நேரும்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன் அப்பாவை அவருடைய மருத்துவரிடம் அழைத்துப் போய் இன்சுலின் அளவு, அம்மாவின் மாத்திரை நேரம், கடைசி ஈசிஜி மூன்றையும் கேட்டு வாங்குங்கள். மருந்துச் சீட்டைப் படம் எடுத்து உங்கள் போனிலும் கணவர் போனிலும் வையுங்கள். திரும்பி வந்த பிறகு ஒரு வாரம் தினமும் ராத்திரி அப்பாவின் உள்ளங்காலை வெளிச்சத்தில் பாருங்கள். கொப்புளமோ சிவப்போ தெரிந்தால் ஊசியால் குத்தி உடைக்காமல், மறுநாளே டாக்டரிடம் காட்டுங்கள்.